நீந்தியும் எடை குறையவில்லையா? குளத்தைவிட்டு ஏறியதும் வரும் பசியைக் கொஞ்சம் கவனியுங்கள்!

குற்றாலம் போய்வந்த யாரையாவது கேட்டுப்பாருங்கள். அருவியில் அரை மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் வயிறு கபகபவென எரியும். சீசன் நேரத்தில் செங்கோட்டை பக்கம் இருக்கும் பார்டர் பரோட்டா கடைகளில் உட்கார இடம் கிடைக்காததற்கு சால்னாவின் ருசி மட்டுமே காரணம் இல்லை. குளிர்ந்த தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. ஊரில் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கும் இது புதிதல்ல. மத்தியானம் கிணற்றைவிட்டு ஏறி வீட்டுக்கு வந்தால் சோற்றுப் பானை காலிதான்.

டூர் போன இடத்தில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால், எடையைக் குறைக்கணும் என்றே மாதக் கட்டணம் கட்டி, விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பசி ஒரு நிஜமான பிரச்னை. மூன்று மாதம் விடாமல் நீந்துகிறார்கள். எடை மெஷினில் ஏறி நின்றால் நம்பர் அப்படியே இருக்கிறது. சிலருக்கு அரை கிலோ ஏறியும் இருக்கிறது. ‘நமக்கு நீச்சல் செட் ஆகாது’ என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படி நிறுத்துகிறவர்களில் பலருக்கு நீச்சலை விட்டால் வேறு வழி குறைவு. முட்டி வலி இருப்பவர்கள், உடல் எடை அதிகமாக இருப்பதால் ஓடவோ குதிக்கவோ முடியாதவர்கள், முதுகு வலிக்காக டாக்டர் சொல்லி வந்தவர்கள். கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது கால்கள் தாங்கவேண்டிய எடை சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தரையில் வேறு எந்தப் பயிற்சியிலும் இந்தச் சலுகை கிடைக்காது. அதனால், எடை ஏன் குறையவில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் குளத்தைவிட்டு வெளியேறுவது பெரிய நஷ்டம்.

அரை மணி நேர நீச்சலுக்கு எத்தனை கலோரி?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உடற்பயிற்சி ஆய்வாளர்கள் ‘மெட்’ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் 1 மெட். மணிக்கு சுமார் 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 3.5 மெட். ஃப்ரீஸ்டைலில் நிதானமாக லேப் அடித்தால் கிட்டத்தட்ட 6. அதையே வேகமாக அடித்தால் 10-ஐத் தொடும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்கும் ஏறக்குறைய அதே அளவுதான். பட்டர்ஃபிளை 14 வரை போகும். ஆனால், அதை அரை மணி நேரம் விடாமல் அடிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

இந்த எண்ணை உங்கள் எடையாலும், எத்தனை மணி நேரம் நீந்தினீர்கள் என்பதாலும் பெருக்கினால் கலோரி கிடைத்துவிடும். 70 கிலோ எடை உள்ள ஒருவர் அரை மணி நேரம் நிதானமாக நீந்தினால் 6 x 70 x 0.5, அதாவது 210 கலோரி. வேகமாக நீந்தினால் சுமார் 350. அதே அரை மணி நேரம் நடந்தால் 120 சொச்சம். ஆக, நடையைவிட நீச்சலில் செலவு அதிகம் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால், இங்கே ஒரு சின்ன சிக்கல். அரை மணி நேரம் நீந்துவதும், அரை மணி நேரம் குளத்தில் இருப்பதும் ஒன்றல்ல. எந்தக் குளத்துக்கும் போய்ப் பாருங்கள். ஒரு லேப் அடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் மூச்சு வாங்கி, பக்கத்தில் இருப்பவரோடு ஆபீஸ் கதை பேசி, அடுத்த லேப் போவார்கள். ஒரு மணி நேர பேட்ச்சில் உண்மையாகக் கையும் காலும் அசைந்த நேரம் 20 நிமிடம்கூட இருக்காது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இது இயல்பு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ‘ஒரு மணி நேரம் நீந்தினேன்’ என்று மனசு போடும் கணக்கும், உடல் போடும் கணக்கும் இங்கேயே பிரிந்துவிடுகின்றன.

இப்போது தட்டுப் பக்கம் வருவோம். குளத்தைவிட்டு வந்து ஒரு பிளேட் நெய்ப் பொங்கல், ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட ஒரு ஃபில்டர் காபி. நெய்யின் தாராளத்தைப் பொறுத்து 500 கலோரியைச் சாதாரணமாகத் தாண்டும். பொங்கலைத் திட்டுவது நோக்கமில்லை, அது பாவம். காலை டிபனாக அதைச் சாப்பிட்டால் சாப்பிட்டதுதான். நீந்தாத நாளில் மூன்று இட்லியோடு எழுந்துகொள்கிறவர், நீந்திய நாளில் மட்டும் இதைச் சாப்பிட்டால், அந்த வித்தியாசமே 210-ஐ விழுங்கிவிடும் என்பதுதான் விஷயம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, கொஞ்சம் கசக்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. வாரம் மூன்று நாள், நாளுக்கு 210 என்றால், நான்கு வாரத்தில் 2,520. கூடுதலாக ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்தாலும் மாதத்துக்கு மூன்றில் ஒரு கிலோதான் குறையும். ‘ஒரே மாதத்தில் 5 கிலோ’ என்று யாராவது ரீல்ஸில் சொன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

குறையாது என்று ஓர் ஆய்வு, குறையும் என்று இன்னோர் ஆய்வு

நீச்சலால் எடை குறையாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1987-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. உடல் பருமன் உள்ள இளம்பெண்கள். உணவில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒரு குழு நடந்தது, ஒரு குழு சைக்கிள் ஓட்டியது, ஒரு குழு நீந்தியது. நடந்தவர்களுக்குச் சராசரியாக 10 சதவீத எடை குறைந்தது, சைக்கிள் ஓட்டியவர்களுக்கு 12 சதவீதம். நீந்தியவர்களுக்கு எடை குறையவே இல்லை.

இதைப் படித்ததும் நீச்சல் உடையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம். அது சிறிய ஆய்வு. 2010-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 50 முதல் 70 வயதுக்குட்பட்ட 116 பெண்கள் கலந்துகொண்டார்கள். அதுவரை பெரிதாக உடற்பயிற்சி செய்யாதவர்கள். ஒரு பாதியினர் நடந்தார்கள், மறு பாதியினர் நீந்தினார்கள். வாரம் மூன்று முறை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நடந்தவர்களைவிட நீந்தியவர்களுக்கு சுமார் 1.1 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவிலும் நீந்தியவர்களே முந்தியிருந்தார்கள்.

எதை நம்புவது? என்னைக் கேட்டால் இரண்டையும். நீச்சல் கலோரியைச் செலவழிக்கிறது, அது நடக்கிறது. அந்தச் செலவு எடை மெஷினில் தெரியுமா இல்லையா என்பது, மிச்ச 23 மணி நேரத்தில் நடப்பதைப் பொறுத்து மாறுகிறது. அதில் முக்கியமான நேரம், நீந்தி முடித்த பிறகு வரும் மூன்று, நான்கு மணி நேரம்.

தண்ணீருக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்?

ஓடி முடித்ததும் அல்லது ஜிம்மில் நன்றாக வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து முடித்ததும் பலருக்குச் சாப்பாட்டைப் பார்க்கவே பிடிக்காது. தண்ணீர் மட்டும் போதும் என்றிருக்கும். இது மனப்பிரமை இல்லை. கடுமையான உடற்பயிற்சியின்போது ரத்த ஓட்டம் வயிற்றுப் பகுதியிலிருந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வயிற்றில் சுரந்து, ‘பசிக்குது’ என்று மூளைக்குச் சொல்லும் கிரெலின் என்ற ஹார்மோன் தற்காலிகமாகக் குறைகிறது. ‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. அவற்றில் ஒன்று ஜிஎல்பி-1. இப்போது ஊரெல்லாம் பேசும் எடைக் குறைப்பு ஊசிகள் வேலை செய்வதும் இதே ஹார்மோனின் பாதையில்தான்.

நீச்சலிலும் இது நடக்கிறதா? நடக்கிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 14 இளைஞர்களை ஒரு மணி நேரம், நடுநடுவே இடைவேளை விட்டு, நீந்தவைத்துப் பார்த்தார்கள். நீந்தும்போது பசியும் குறைந்தது, கிரெலினும் குறைந்தது. ஆனால், அது நீடிக்கவில்லை. நேரம் போகப்போக, நீந்தாத நாளைவிட நீந்திய நாளில் பசி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் போக்கு தெரிந்தது. ஒரு நல்ல சேதியும் உண்டு: அந்த நாள் முழுக்க அவர்கள் சாப்பிட்ட மொத்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2020-ல் வந்த இன்னோர் ஆய்வு, இளம் ஆண்களும் பெண்களும் நீந்திய பிறகு, சும்மா இருந்த நாளைவிட அதிகமாகச் சாப்பிட்டதாகச் சொன்னது. ஆளுக்கு ஆள் இது மாறும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது குளிர். இதில் சுவாரசியமான ஆய்வு ஒன்று உண்டு. 2005-ல் வெளியானது, அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் செய்தது. 11 ஆண்களைத் தண்ணீருக்குள் வைத்து 45 நிமிடம் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். ஒருமுறை 33 டிகிரி செல்சியஸ் தண்ணீரில், இன்னொருமுறை 20 டிகிரி தண்ணீரில். இரண்டிலும் செலவான கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், 500-ஐ ஒட்டி. பிறகு, வேண்டியதைச் சாப்பிடலாம் என்று விட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து வந்தபோது சராசரியாக 608 கலோரி சாப்பிட்டார்கள். எந்தப் பயிற்சியும் செய்யாமல் ஓய்வாக இருந்த நாளில் 618. குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்தபோது 877!

அதாவது, அதே உழைப்பு, அதே ஆட்கள். தண்ணீரின் வெப்பநிலை மட்டும் மாறியது. சாப்பாடு 44 சதவீதம் கூடிவிட்டது. (அவர்கள் நீந்தவில்லை, தண்ணீருக்குள் சைக்கிள் மிதித்தார்கள் என்பதையும், வெறும் 11 பேர் என்பதையும் மறக்க வேண்டாம்.)

ஏன் இப்படி? காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தரையில் ஓடினால் உடல் சூடு ஏறி, ஓடி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அந்தச் சூடு பசியை அடக்கி வைக்கிறது. தண்ணீரில் அந்தச் சூடு உடனுக்குடன் வெளியேறிவிடுகிறது. பசியை அடக்க ஆள் இல்லை. இதுதான் ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

சென்னைக் குளத்துத் தண்ணீர் சில்லென்றா இருக்கிறது?

நியாயமான கேள்வி. மே மாதம் மத்தியானம் மெரினா பக்கம் இருக்கும் திறந்தவெளிக் குளத்தில் இறங்கினால் குளிக்க வெந்நீர் போட்ட மாதிரிதான் இருக்கும். 20 டிகிரி எல்லாம் நம்ம ஊர் சமாச்சாரம் இல்லை. அதனால், அந்த 44 சதவீதத்தை அப்படியே தூக்கிச் சென்னைக்கோ மதுரைக்கோ பொருத்தக் கூடாது. வெளிநாட்டு ஹெல்த் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ‘நீச்சல்னாலே பசி அதிகமாகும்’ என்று சொல்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது.

ஆனாலும் முழுக்கத் தப்பிக்க முடியாது. மார்கழி விடியற்காலை, வேளச்சேரி குளமோ உங்கள் அப்பார்ட்மென்ட் குளமோ, தண்ணீரில் காலை வைத்ததும் உடம்பு சிலிர்க்கும். கோவை, ஓசூர், பெங்களூரு என்றால் இன்னும் சில மாதங்களுக்கு அப்படித்தான். தவிர, தண்ணீர் 27, 28 டிகிரி இருந்தாலும் அது நம் தோலின் வெப்பநிலையைவிடக் குறைவுதான். தொடர்ந்து நீந்தினால் தசைகள் உண்டாக்கும் சூடு ஈடுகட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு கதை பேசினால்? கலோரியும் செலவாகாது, உடலும் குளிரும், பசியும் வரும். மூன்று பக்கமும் நஷ்டம்.

இதிலிருந்தே முதல் வழி கிடைக்கிறது. குளத்தில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, அசையும் நேரத்தைக் கூட்டுங்கள். சுவரில் நிற்கும் ஒவ்வொரு ஓய்வையும் 30 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குளங்களில் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும், அதைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் நின்றுவிடாமல், பேக்ஸ்ட்ரோக்கில் மெதுவாகத் திரும்பி வாருங்கள். நீச்சல் இன்னும் சரியாக வராதவர்கள் ஆழம் குறைந்த பகுதியில் தண்ணீருக்குள்ளேயே வேகமாக நடக்கலாம். கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். ஏறியதும் ஈர உடையோடு பெஞ்சில் உட்காராதீர்கள். உடனே துவட்டி, உலர்ந்த உடைக்கு மாறுங்கள். வெதுவெதுப்பான ஷவர் இருந்தால் நல்லது. பார்க்கிங்வரை போகும் வழியில் பத்து நிமிடம் சும்மா நடந்தால், உடல் மறுபடி சூடாகும். ‘இப்பவே ஏதாவது சாப்பிடணும்’ என்ற அந்த வெறி கொஞ்சம் தணியும்.

11 மணிப் பசிதான் வில்லன்

வேலைக்குப் போகிறவர்களின் நாளைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம். 6 மணிக்குக் குளம், 7 மணிக்கு வெளியே. அப்போது பசி அவ்வளவாகத் தெரியாது. ‘டயட்ல இருக்கோம்ல’ என்று ஒரு காபி, இரண்டு பிஸ்கட்டோடு ஆபீஸ் கிளம்பிவிடுவார்கள். நீந்தி முடித்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து, 10.30, 11 மணிக்கு உண்மையான பசி வரும். அப்போது கையில் கிடைப்பது என்ன? கீழே டீக்கடையில் சமோசா, முட்டை பஃப்ஸ், வாழைக்காய் பஜ்ஜி. அல்லது போனில் ஒரு ஆர்டர். ஒரு மணிக்கு லஞ்ச்சிலும் பசி தீராமல் இன்னொரு கரண்டி சாதம்.

கோளாறு 11 மணியில் இல்லை, 7.30 மணியில் இருக்கிறது. பசி தெரியாத அந்த நேரத்திலேயே சரியான டிபனைச் சாப்பிட்டுவிடுவதுதான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததிலேயே முக்கியமான ஒன்று. நீந்தி முடித்து ஒரு மணி நேரத்துக்குள், பசி வருவதற்காகக் காத்திருக்காமல் சாப்பிடுங்கள். என்ன சாப்பிடப்போகிறோம் என்பதை முதல் நாள் ராத்திரியே முடிவு செய்யுங்கள். ஈரத் தலையோடு ஹோட்டல் மெனு கார்டைப் பார்த்து எடுக்கும் முடிவு எப்போதும் பூரியில்தான் போய் நிற்கும்.

என்ன சாப்பிடுவது? பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடுவதில் புரதமும் நார்ச்சத்தும் கெட்டி. நம் காலை டிபனில் குறைவது புரதம்தான். ஒரு இட்லியில் தோராயமாக 2 கிராம் புரதம். மூன்று இட்லி, சட்னி என்றால் 6, 7 கிராமோடு கதை முடிந்தது. ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் தேவை. 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். காலையிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 20 கிராம் அளவைச் சாப்பிட்டுவிட்டால் 11 மணி சமாளிக்கக்கூடியதாகிவிடும்.

அதற்குப் புரோட்டீன் பவுடர் டப்பா அவசியம் இல்லை. அதே மூன்று இட்லி, பருப்பு தூக்கலான சாம்பார், கூடவே இரண்டு அவித்த முட்டை. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், கணக்கு நேராகிவிட்டது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு அடை இருக்கிறது, பச்சைப்பயறு தோசை இருக்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் உண்டு, கலோரி 160 சொச்சம்தான். சாயங்காலம் பீச்சில் சாப்பிடும் சுண்டலைக் காலையில் டப்பாவில் போட்டுக் குளத்துக்கே எடுத்துப்போங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ மோர் ஊற்றிக் குடித்தால் வயிறு நிறையும், ஆனால் புரதத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை வேண்டும். கைப்பிடி என்றால் கைப்பிடிதான். 100 கிராம் வேர்க்கடலையில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது.

நீந்துவதற்கு முன்னால் சாப்பிடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வெறும் வயிற்றில் நீந்தினால்தான் கொழுப்பு கரையும் என்பதெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாள் முழுக்க எவ்வளவு செலவழித்தோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பதுதான் எடையில் தெரியும். வெறும் வயிற்றில் நீந்த முடிந்தால் சரி. தலை சுற்றினால் அரை மணி நேரம் முன்னதாக ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். 100 கலோரி, அவ்வளவுதான். அது கூடுதலாக நாலு லேப் அடிக்க வைத்தால் லாபம்.

தண்ணீருக்குள் இருக்கும்போதும் வியர்க்கும், தெரியாது, அவ்வளவுதான். தாகத்தையும் களைப்பையும் பசி என்று எடுத்துக்கொண்டு சாப்பிட உட்காருபவர்கள் இருக்கிறார்கள். குளத்தின் ஓரத்திலேயே ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் ஒரு டம்ளர் குடியுங்கள். மோர், இளநீர் எல்லாம் ஓகே. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான நீச்சலுக்குக் கலர் கலரான ஸ்போர்ட்ஸ் டிரிங்க்ஸ் தேவையில்லை. குளத்து வாசலில் நிற்கும் கரும்பு ஜூஸ் வண்டியும் அதே கணக்கில்தான் வரும்: குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிரப்பாது, கலோரியை மட்டும் நிரப்பும்.

‘நான்தான் நீந்திட்டேனே!’

ஹார்மோனைவிட ஆபத்தானது இந்த வசனம். உடற்பயிற்சி செய்தோம் என்ற திருப்தியே, நமக்கு நாமே ஒரு பரிசு கொடுத்துக்கொள்ளச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை நீச்சல் முடித்து நண்பர்களோடு நேராக பிரியாணிக்குப் போவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு என்றால் அனுபவியுங்கள். நாலு ஞாயிறும் என்றால், மேலே போட்ட மாதக் கணக்கான 2,520 கலோரி ஞாபகம் இருக்கட்டும்.

மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஒரு நாளைக்கு 12,000 கலோரி சாப்பிட்டார் என்ற செய்தி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சமயத்தில் உலகம் முழுக்கப் பரவியது. அதை அவரே பிறகு மறுத்துவிட்டார். 8,000 முதல் 10,000 வரை இருக்கலாம் என்றார். எதுவாக இருந்தாலும், தினமும் பல மணி நேரம் நீந்திப் பதக்கம் வாங்குகிறவரின் தட்டு அது. நாம் வாரம் மூன்று நாள் அரை மணி நேரக் கோஷ்டி. உடலுழைப்பு குறைவான வேலையில் இருக்கும் ஆணுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் ஒரு நாள் தேவை 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660. இதில் பெண்களுக்கு இடம் இன்னும் குறைவு என்பதைக் கவனியுங்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக நீந்தி, ஒன்றாக ஒரே அளவு சாப்பிட்டால், இருவருக்கும் ஒரே ரிசல்ட் வராது. அதற்காக மனைவி தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

கையில் கட்டியிருக்கும் வாட்ச் ‘480 கலோரி’ என்று காட்டினால்? அதை அப்படியே நம்பிச் சாப்பிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தது. இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரிக் கணக்கில் மட்டும், இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது; மோசமானது 93 சதவீதம். அதுவும் நடை, ஓட்டம், சைக்கிளில். லேப் எண்ணுவதற்கு வாட்ச் நல்லது. சாப்பாட்டுக்கு அதை அளவாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

தூங்காமல் நீந்தினால்?

ராத்திரி 12.30 வரை போன், காலை 5 மணிக்கு நீச்சல். இந்த டைம்டேபிளில் இருக்கிறவர்கள் நிறைய பேர், குறிப்பாக ஐ.டி. ஷிஃப்ட்காரர்களும் எங்களைப் போன்ற நியூஸ்ரூம் ஆட்களும். சிகாகோ பல்கலைக்கழகம் 2004-ல் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் வெறும் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தது. 10 மணி நேரம் படுத்திருந்த இரவுகளோடு ஒப்பிட்டால், பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. நீச்சலே இல்லாமல், வெறும் தூக்கக் குறைவால் மட்டும். தூக்கத்தை வெட்டி நீச்சலுக்குக் கொடுத்தால், ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்த கதைதான். நேரத்தோடு தூங்க முடியாத வாரங்களில் காலை பேட்ச்சை விட்டுவிட்டு மாலை பேட்ச்சுக்கு மாறுங்கள், வாரத்துக்கு இரண்டு நாள் என்றாலும் பரவாயில்லை.

மாலையில் நீந்துபவர்களுக்குப் பசி ராத்திரி 8, 9 மணிக்கு வரும். வீட்டில் டிஃபன் ரெடியாக இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் டெலிவரி ஆப்தான். குளத்துக்குக் கிளம்பும் முன், 5 மணிவாக்கில் ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு கப் தயிரோ சாப்பிட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பார்சல் பரோட்டா அவ்வளவு கூப்பிடாது.

எடை மெஷினையும் தினமும் மிதிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதோடு இடுப்பளவையும் ஒரு டேப்பால் எடுத்துக் குறித்துவையுங்கள். பேன்ட் தளர்ந்திருக்கிறது, ஆனால் எடை அப்படியே இருக்கிறது என்றால் உடலின் உள்கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்

மேலே சொன்னதெல்லாம் பொதுவாக ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு. பசியைக் கண்டு பயந்து, நீந்திவிட்டுப் பட்டினி கிடப்பது இன்னொரு எல்லை. சாப்பிட்டதற்குத் தண்டனையாக நீந்துவது, ஒவ்வொரு வாய்க்கும் லேப் கணக்குப் போடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது என்று போனால், அது டயட் இல்லை. மனநல மருத்துவரின் உதவி தேவைப்படும் நிலை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் நீச்சல் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடலாம். திடீர்ப் பசியோடு கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் சேர்ந்து வந்தால், அது ‘டயட்டில் தாங்கிக்கொள்ள வேண்டிய’ பசி அல்ல. தரையில் என்றால் உட்கார்ந்துகொள்ளலாம். தண்ணீரில் அது உயிருக்கே ஆபத்து. மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இறங்கும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளத்தின் ஓரத்தில், கை எட்டும் தூரத்தில், குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். தனியாக நீந்தாதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை அங்கே இருக்கும் லைஃப்கார்டிடமும் கோச்சிடமும் முதல் நாளே சொல்லிவையுங்கள்.